கூறுகிறார், கூறிக்கொள்கிறார்: மேற்கோளின் வினைச்சொற்கள்

(ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் இருந்து பெரிய பெரிய விஷயங்களைப் பேசிவிட்டீர்கள். கோட்பாடு, முறையியல், களஆய்வு என்று எல்லாம் ஆகிவிட்டது. நான் பேச வந்திருப்பது மிகச் சிறிய ஒன்று. உங்கள் ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து முறையாவது வருகிற ஒரு சொல். ஒருவருடைய கருத்தை எடுத்தாண்ட பிறகு, அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வினைச்சொல் போடுகிறோம் இல்லையா? 'என்கிறார்', 'கூறுகிறார்', 'வாதிடுகிறார்', 'சுட்டிக்காட்டுகிறார்', 'குற்றம் சாட்டுகிறார்', 'நிறுவுகிறார்'. அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

அடிக்குறிப்பை எப்படிப் போட வேண்டும் என்று நெறியாளர்கள் கற்றுத் தருகிறார்கள். ஆண்டுக்கு முன்னால் புள்ளியா காற்புள்ளியா என்பதற்காக ஒரு இயலையே திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வினைச்சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. 'ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, மாற்றிப் போடு' என்பதோடு சரி. மாணவரும் சாம்பாருக்குக் கத்தரிக்காய் இல்லாவிட்டால் முருங்கைக்காய் என்பதுபோல் மாற்றிப் போட்டுவிடுகிறார். எந்தக் காய் யார் இலையில் விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பல ஆண்டுகளாக மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அப்படிப் பார்த்த ஓர் ஆய்வேடு, ஒரு கிராமத்துக் கோயில் நுழைவுச் சிக்கலைப் பற்றியது. அதில் மூன்று பேர் பேசுகிறார்கள். கோயிலின் வரலாற்றை எழுதிய பேராசிரியர் 'குறிப்பிடுகிறார்'. தேர்த்திருவிழாவை நடத்தும் ஊர்ப் பெரியவர் 'விளக்குகிறார்'. சேரியில் இருக்கும் எழுபது வயது அம்மா ஒருவர் 'குற்றம் சாட்டுகிறார்'. அந்த அம்மா சொன்னது என்ன? தேரடித் தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு தன்னை நடக்க விட்டதில்லை என்பதுதான். தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பேட்டியில் யார் பெயரையும் எடுத்துப் பழி போடவில்லை. ஆனால் 'குற்றம் சாட்டுகிறார்' என்ற சொல் விழுந்தவுடன் அவர் வாதி ஆகிவிட்டார், ஊர்ப் பெரியவர் பதில் சொல்ல வேண்டிய பிரதிவாதி ஆகிவிட்டார், வாசிக்கிற நாம் நீதிபதியாகித் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டோம். இவ்வளவையும் ஒரே ஒரு வினைச்சொல் செய்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வேட்டை எழுதியவர் அதே சேரிப் பிள்ளை. அவருக்கு அந்த அம்மாவின் சொல்லில் ஒரு துளியும் சந்தேகம் கிடையாது. படித்துப் படித்துப் பழகிய நடை அவர் கையைப் பிடித்து எழுதிவிட்டது.

இந்தச் சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அப்பட்டமான ஒரு பொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். 'பூமி தட்டையானது என்று அவர் சொல்கிறார்'. இந்த வாக்கியத்தில் சிக்கல் இல்லை, யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். 'பூமி தட்டையானது என்பதை அவர் சுட்டிக்காட்டுகிறார்'. இது இடிக்கிறது. ஏனென்றால் இருப்பதைத்தான் சுட்டிக்காட்ட முடியும். ஆக, 'சுட்டிக்காட்டுகிறார்' என்று எழுதும்போது அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். 'நம்புகிறார்' என்றால் அவர் கையில் சான்று இல்லை என்கிறீர்கள். 'ஒப்புக்கொள்கிறார்' என்றால் அதுவரை மறைத்து வைத்திருந்தார் என்கிறீர்கள். 'வாதிடுகிறார்' என்றால் எதிர்த்தரப்பு ஒன்று உண்டு, அதையும் கேட்க வேண்டும் என்கிறீர்கள். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் வரும் இத்தகைய வினைச்சொற்களைத் தாம்சன், யே என்ற இருவர் ஆராய்ந்து 1991இல் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டப்படுபவரின் நிலைப்பாடு, மேற்கோள் காட்டுபவரின் நிலைப்பாடு இரண்டையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்தவர் சொன்னதைத் தெரிவிப்பதாகத் தோன்றும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நம்முடைய மதிப்பீடும் உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கிறது, ஒரு வேற்றுமை உருபிலேயே நடந்துவிடுகிறது. 'வகுப்பில் பாகுபாடு காட்டப்படுவதை மாணவர்கள் உணர்கிறார்கள்' என்று எழுதிப் பாருங்கள். பாகுபாடு இருக்கிறது, அது மாணவர்களுக்குத் தெரிகிறது. இப்போது 'வகுப்பில் பாகுபாடு காட்டப்படுவதாக மாணவர்கள் உணர்கிறார்கள்' என்று எழுதுங்கள். பாகுபாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பிள்ளைகளுக்கு அப்படி ஒரு எண்ணம். 'தை' என்பது 'தாக' ஆனதும் நடந்த சம்பவம் மனத்தாங்கலாகச் சுருங்கிவிடுகிறது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்து சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. அது போன்ற அறிக்கைகளைப் பற்றி எழுதும்போது நம் கை எந்த உருபைத் தேடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் 'தெரிவித்தனர்' என்று எழுதுவதுதான் சரி. அவர்கள் பதிலில் இல்லாத உணர்ச்சியை நாம் எங்கிருந்து கொண்டுவருகிறோம்?

'கொள்' என்ற துணைவினையும் இப்படித்தான். 'இவர்கள் தங்களைப் பூர்வ பௌத்தர்கள் என்று கூறிக்கொள்கிறார்கள்' என்ற வாக்கியத்தைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். அதே நூலில் நாலு பக்கம் தள்ளி, நிலம் வைத்திருக்கிற ஒரு சாதியைப் பற்றி வரும்போது 'இவர்கள் இன்ன அரசமரபின் வழிவந்தவர்கள் ஆவர்' என்று வரும். இரண்டுக்கும் ஆதாரம் அந்தந்தச் சாதியாரின் வாய்மொழி மட்டும்தான். ஒன்று 'கூறிக்கொள்கிறார்கள்', மற்றது 'ஆவர்'. ஆவராமே!

இதில் நம் மொழிக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைத் தொல்காப்பியம் பிரித்துவைக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. கேட்கிற செயல் ஒன்றுதான், யார் கேட்கிறான் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. சொல்லுதலுக்கும் அப்படி ஒரு படிக்கட்டு தானாகவே உண்டாகியிருக்கிறது. மடாதிபதி அருளுவார், மன்னர் பணிப்பார், அறிஞர் மொழிவார், குடியானவன் விண்ணப்பம் செய்வான், அதற்கும் கீழே இருக்கிறவன் புலம்புவான், பிதற்றுவான். எல்லோரும் வாயைத் திறந்து பேசத்தான் செய்தார்கள்.

மேற்கோள் காட்டுவதற்கென்றே பழைய இலக்கணத்தில் சொற்கள் இருந்தன. தொல்காப்பியர் 'என்ப' என்பார். முன்னோர் இப்படிச் சொல்வார்கள் என்று பொருள். யார் அந்த முன்னோர் என்று சொல்ல மாட்டார், சொல்லாமலே அவர்களுக்கு மதிப்பு. பின்னால் வந்த உரையாசிரியர்களிடம் 'என்பாரும் உளர்' என்ற ஒரு தொடர் உண்டு. இப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கேயும் பெயர் இல்லை. ஆனால் முதலாவதில் பெயர் இல்லாததற்குக் காரணம் மரியாதை, இரண்டாவதில் அலட்சியம். மறுப்பதற்கும் ஒரு மரியாதையான வழி அவர்களிடமே இருந்தது. சேனாவரையர், இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று சுட்டி, அவர் சொன்னதை எடுத்து வைத்து மறுப்பார். யாரோடு சண்டை போடுகிறார் என்பது வாசிக்கிறவனுக்குத் தெரியும்.

நம் காலத்துக் கல்விப்புலத்தில் அயோத்திதாசர் 'என்ப'வில் வருவதில்லை, 'என்பாரும் உளர்' கணக்கில்தான் வருகிறார். இதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அம்பேத்கர்.

ஒரு மாணவர் என்னிடம் ஓர் இயலைக் கொண்டுவந்தார். 'சாதியை அம்பேத்கர் வரையறுக்கிறார்' என்று எழுதியிருந்ததை நெறியாளர் சிவப்பு மையில் அடித்து, 'அம்பேத்கர் கருதுகிறார்' என்று திருத்தியிருந்தார். காரணம் கேட்டதற்கு, 'அவர் சமூகவியலாளர் இல்லையேப்பா, அரசியல் தலைவர்தானே' என்றாராம். அதே பக்கத்தில் குர்யே 'வரையறுக்கிறார்', துய்மோன் 'நிறுவுகிறார்'. அவற்றில் சிவப்பு மை படவில்லை.

சரி, அம்பேத்கர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1916 மே 9 அன்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்கிறார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டே அது இந்தியன் ஆன்டிகுவரி என்ற ஆய்விதழில் வெளிவருகிறது. சமூகவியலாளர் இல்லை என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டுரையில் அவர் தன் வரையறையோடு தொடங்கவில்லை. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் என்ற நான்கு பேர் சாதிக்குக் கொடுத்த வரையறைகளை அவரவர் சொற்களிலேயே எடுத்து முன்னால் வைக்கிறார். பிறகு ஒவ்வொன்றாக எடைபோடுகிறார். செனார் தீட்டைச் சாதியின் அடையாளமாகக் கொள்கிறார். தீட்டு பொதுவாகப் புரோகிதச் சடங்கு சார்ந்தது, சாதிக்கே உரிய இன்றியமையாத கூறு அல்ல என்று அம்பேத்கர் அதை ஒதுக்குகிறார். கேத்கரைக் கூர்மையான பார்வை உடையவர் என்று பாராட்டிவிட்டு, அவர் சாதிக்குச் சொன்ன இரண்டு இலக்கணங்களை எடுக்கிறார். வெளியே மணம் செய்யத் தடை ஒன்று. உள்ளே பிறந்தவருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்பது மற்றொன்று. வெளியே மணக்கக் கூடாது என்று தடுத்துவிட்டால், உள்ளே பிறந்தவர் மட்டுமே உறுப்பினர் என்பது தானாகவே நடந்துவிடும். ஆகவே இவை இரண்டல்ல, ஒன்றின் இரு முகங்கள் என்கிறார். இது கருத்துச் சொல்வதா? ஒரு முடிச்சை எல்லார் கண் முன்னாலும் அவிழ்த்துக் காட்டுவது. இதற்குத் தமிழில் 'காட்டுகிறார்' என்ற சொல் இருக்கிறது. அகமணம்தான் சாதியின் சாரம் என்று அடுத்து அவர் சொல்லும் இடத்தில் 'வரையறுக்கிறார்' என்பதே பொருத்தம். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும், ஒரு குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கையைச் சமன் செய்து அகமணத்தைக் காப்பாற்றும் வழிகள் என்று அவர் சொல்லும் இடத்தில் 'விளக்குகிறார்'. ஒரே கட்டுரை, மூன்று வெவ்வேறு செயல்கள். எல்லாவற்றுக்கும் 'கருதுகிறார்' என்று போட்டால், நீங்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

அந்தக் கட்டுரையிலேயே, மேலே இருக்கிறவரைப் பார்த்துக் கீழே இருக்கிறவர் பின்பற்றுவதால் சாதி பரவிய விதத்தைப் பேச, பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் தார்தின் போலச்செய்தல் பற்றிய விதிகளை எடுத்தாள்கிறார். 36 ஆண்டுகள் கழித்து 1952இல் எம்.என். சீனிவாஸ் குடகர்களைப் பற்றிய நூலில் சமஸ்கிருதமயமாதல் என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். சீனிவாஸின் கருத்து களஆய்வில் இருந்து வருகிறது, அவர் கேட்கும் கேள்வியும் வேறு. ஆனால் பாடநூல் நடையைப் பாருங்கள். சீனிவாஸ் 'உருவாக்கினார்'. அம்பேத்கருக்கு மனமிருந்தால் ஒரு வரி கிடைக்கும், அதில் அவர் இதை 'முன்பே கவனித்திருந்தார்'. வழிப்போக்கர் ஒருவர் போகிற போக்கில் கவனித்துவிட்டுப் போனது மாதிரி.

இந்திய சமூக அறிவியலில் கோட்பாடு பேசுகிறவர்கள் பார்ப்பனர்களாகவும், தரவு கொடுக்கிறவர்கள் சூத்திரர்களாகவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்று கோபால் குரு 2002இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதினார். பெரிய விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. அவர் சொன்ன பிரிவினையை ஓர் ஆய்வேட்டில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வினைச்சொற்களை மட்டும் கோடு போட்டுப் படியுங்கள். ஒரு பக்கம் 'கோட்பாட்டாக்கம் செய்கிறார், நிறுவுகிறார், வாதிடுகிறார்'. மறுபக்கம் 'நினைவுகூர்கிறார், வேதனைப்படுகிறார், ஆதங்கப்படுகிறார், பகிர்ந்துகொள்கிறார்'. இந்தப் 'பகிர்ந்துகொள்கிறார்' மேல் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு உண்டு. ஒருவர் தன் நிலத்தை எப்படி இழந்தார் என்று பட்டா எண்ணோடு சொல்கிறார், நாம் அதை 'அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்' என்று எழுதுகிறோம்.

இதில் நம் பக்கத்துக் குறையையும் பேசியாக வேண்டும். நம் மேடைகளும் நம் சிற்றிதழ்களும் வளர்த்த சில வினைச்சொற்கள் இருக்கின்றன. 'சாடினார்', 'முழங்கினார்', 'கர்ஜித்தார்', 'சவுக்கடி கொடுத்தார்'. பெரியாரைப் பற்றி எழுதும்போது இவை தவிர வேறு சொல் நமக்கு வருவதில்லை. இராஜாஜி கருத்துத் தெரிவிப்பார், பெரியார் முழங்குவார். சுவரொட்டிக்கு அது சரி. ஆய்வேட்டில் அது பெரியாருக்குச் செய்யும் அநியாயம். குடிஅரசு இதழ்களை எடுத்துப் புரட்டியவர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் கணக்குப் போடுகிறவர். கோயில் வருமானம், உத்தியோகப் பங்கு, பள்ளிக்கூடச் செலவு என்று எண்களை அடுக்கி, எதிராளியின் வாதத்தை அவன் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு பிரிக்கிறவர். அதை 'முழங்கினார்' என்று எழுதினால் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது, கணக்கு காணாமல் போகிறது. 'பெரியார் வெறும் பிரச்சாரகர்' என்று சொல்கிறவர்களுக்கு நாமே எடுத்துக் கொடுத்தது மாதிரி. அம்பேத்கரையும் இப்போது இப்படிச் 'சாட'விட்டுக்கொண்டிருக்கிறோம். 1936இன் 'சாதி ஒழிப்பு' உரை ஒரு மாநாட்டுத் தலைமையுரைக்காக எழுதப்பட்டது, ஏற்பாட்டாளர்கள் அதை ஏற்க மறுத்ததால் பேசப்படாமல் நூலாக வந்தது. அவர் அந்த மேடையில் ஏறவே இல்லை, முழங்குவதற்கு ஏது வாய்ப்பு? எழுதினார், காரணம் காட்டினார். காந்தி ஹரிஜன் இதழில் மறுத்தபோது அவருக்குப் பதிலும் எழுதி அடுத்த பதிப்பில் சேர்த்தார்.

இன்னொரு பழக்கம், அன்பினால் வருவது. நமக்குப் பிடித்தவர் எது சொன்னாலும் 'நிரூபித்தார்' என்று போட்டுவிடுவது. 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், பழங்காலத்தில் தோற்றுச் சிதறிய குழுக்களைச் சேர்ந்தவர்களே ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டார்கள், அவர்கள் பௌத்தர்களாக இருந்ததும் மாட்டிறைச்சி உண்பதைக் கைவிடாததும்தான் தீண்டாமைக்கு வேர், அது ஏறத்தாழ கி.பி. 400 வாக்கில் தோன்றியது என்று அம்பேத்கர் ஒரு கருதுகோளை வைக்கிறார். நம் தோழர்கள் பலர் இதை 'அம்பேத்கர் நிரூபித்துவிட்டார்' என்று எழுதுகிறார்கள். அந்த நூலின் முன்னுரையை அவர்கள் புரட்டிப் பார்க்க வேண்டும். நேரடிச் சான்று எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை, கண்ணி அறுந்த இடங்களில் ஊகத்தால் இணைத்திருக்கிறேன், இதுவே இறுதிச் சொல் என்று கோரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துக்காட்டுவது வரலாற்றாசிரியரின் கடமை என்பதற்குக் கதேயை அங்கே துணைக்கு அழைக்கிறார். தன் கூற்றின் எடை எவ்வளவு என்று அவரே தராசில் நிறுத்திக் கொடுத்திருக்கும்போது, அதற்கு மேல் ஒரு கிராம் கூட்டிப் போட நாம் யார்? 'முன்மொழிகிறார்' என்று எழுதுங்கள். 'ஊகிக்கிறார்' என்றுகூட எழுதலாம். ஊகம் அறிவின் வேலைதான். துய்மோனும் ஊகிக்கிறார், மார்க்ஸ் ஊகிக்கிறார். நம்மவருக்கு மட்டும் அந்தச் சொல் ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?

இப்போது அயோத்திதாசர். 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழில் அவர் ஒரு செய்தியை எழுதுகிறார். தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், அவர் வழியாகத்தான் திருக்குறள் ஏட்டுச்சுவடி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது, அதன் பிறகே அது அச்சுக்கு வந்தது என்று. குறள் அச்சேறியது 1812இல். அயோத்திதாசர் எழுதுவது ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து.

இதை எப்படி மேற்கோள் காட்டுவீர்கள்? 'அயோத்திதாசர் உரிமை கோருகிறார்' என்று எழுதியவர்கள் உண்டு. யாருடைய சொத்துக்கு உரிமை கோருகிறார்? 'என்று கூறிக்கொள்கிறார்' என்பாரும் உளர். மறுபக்கம், 'திருக்குறளைத் தந்தவர் கந்தப்பன் என்பதை அயோத்திதாசர் நிறுவியுள்ளார்' என்று நம் மேடைகளில் கேட்கிறோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'தன் குடும்பத்தில் வழங்கிவந்த செய்தியாக அயோத்திதாசர் இதைப் பதிவு செய்கிறார்'. அவர் செய்தது அதுதான். அது சாட்சியம். சாட்சியத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைச் சோதிக்கவும் வேண்டும், பிற ஆவணங்களோடு வைத்துப் பார்க்கவும் வேண்டும். அதே சோதனையை உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததாகத் தன் வரலாற்றில் எழுதும் சம்பவங்களுக்கும் வைக்க வேண்டும் அல்லவா? அவற்றுக்கும் பெரும்பாலும் அவர் ஒருவரே சாட்சி. அங்கே நாம் 'உ.வே.சா. கூறிக்கொள்கிறார்' என்று எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. 'பதிவு செய்கிறார்' என்பதை இரண்டு பேருக்கும் போடுங்கள் என்கிறேன். பட்லரின் பேரனுக்கு ஒரு வினை, மகாமகோபாத்தியாயருக்கு ஒரு வினை என்று இருக்கக் கூடாது.

ஒரு இடைக்குறிப்பு. காலத்தையும் பாருங்கள். மார்க்ஸ் 1883இலும் வெபர் 1920இலும் இறந்துவிட்டார்கள். ஆனாலும் நம் ஆய்வேடுகளில் 'மார்க்ஸ் சொல்கிறார்', 'வெபர் விளக்குகிறார்' என்று நிகழ்காலத்தில் உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் 'கூறியிருந்தார்', 'எழுதியிருந்தார்' என்று இறந்தகாலத்தில் கிடக்கிறார்கள். போன மாதம் பேட்டி கொடுத்த துப்புரவுத் தொழிலாளியும் 'கூறினார்'. யாருடைய கருத்தோடு இன்றைக்கும் உரையாடலாம், யாருடையது கோப்பில் வைக்க வேண்டிய தகவல் என்று காலம் காட்டும் விகுதி சொல்லிவிடுகிறது. பேட்டியை இறந்தகாலத்தில் எழுதுவது ஒரு மரபு, அதில் தவறில்லை. கருத்தை எடுத்தாளும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே காலம் போடுங்கள்.

கடைசியாக நீதிமன்ற ஆவணங்கள். வன்கொடுமை பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 'எரிந்து இறந்தனர்' என்று எழுதியிருப்பதையும் படித்திருக்கிறேன். பிறவினையைத் தன்வினையாக்கிவிட்டால் தீ வைத்த கை வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான மிராசுதாரர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று.

தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது 'நீதிமன்றம் கண்டறிந்தது' என்று எழுதுகிறோம். சட்ட மொழியில் அது வழக்கமான தொடர். ஆனால் நீங்கள் சட்டக் குறிப்பு எழுதவில்லை, வரலாறு எழுதுகிறீர்கள். வசதியானவர் நடந்து போகமாட்டார் என்பது கண்டறியப்பட்ட செய்தியா, நீதிபதிகளின் எண்ணமா? எண்ணம்தான். அப்படியானால் அங்கே வரவேண்டிய சொல், இவ்வளவு நேரம் நாம் சேரி அம்மாவுக்கும் அம்பேத்கருக்கும் தாராளமாக வழங்கிவந்த அதே 'கருதினர்'. உயிர் தப்பியவர்கள் தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். அவர்களுக்கு 'சாட்சியம் அளித்தனர்' என்று போடுங்கள், உண்மையிலேயே அதைத்தான் செய்தார்கள். விடுதலை செய்யப்பட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். தீர்ப்பை நீங்கள் திருத்த வேண்டியதில்லை. யார் பார்த்தார்கள், யார் கருதினார்கள் என்று சரியாக எழுதினாலே வாசிக்கிறவனுக்கு விளங்கும்.

எந்த இடத்தில் எந்தச் சொல் என்று பட்டியல் கேட்டு ஏற்பாட்டாளர்கள் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்கள். பட்டியல் கொடுத்தால் மறுபடியும் கத்தரிக்காய், முருங்கைக்காய் கதைதான். நான் செய்வதைச் சொல்கிறேன். மேற்கோளுக்கு முன்னால் சற்று நின்று, இந்த மனிதர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொள்வேன். பார்த்ததைச் சொல்கிறாரா, எண்ணிச் சொல்கிறாரா, கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா, இல்லை ஒன்றிலிருந்து இன்னொன்றை வருவிக்கிறாரா? அவர் செய்ததன் பெயரே அந்த இடத்துக்கான வினைச்சொல். ஒன்றும் தெளிவாகவில்லை என்றால் வெறும் 'என்கிறார்' போதும். அது பாவப்பட்ட சொல், யாரையும் உயர்த்தாது, யாரையும் தாழ்த்தாது. பத்து முறை வந்தாலும் குற்றமில்லை. ஒரே சொல் திரும்ப வருகிறது என்று நெறியாளர் சொன்னால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதற்கு அவர் என்னை என்ன வினைச்சொல்லில் திட்டுகிறார் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.

எழுதி முடித்த பிறகு இன்னொன்று செய்வேன், பெயர்களை இடம் மாற்றுவது. குர்யே இருந்த இடத்தில் அம்பேத்கர், அம்பேத்கர் இருந்த இடத்தில் குர்யே, ஊர்ப் பெரியவர் இருந்த இடத்தில் அந்த அம்மா. 'தேரடித் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விட்டதில்லை என்று அந்த அம்மா விளக்குகிறார். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று ஊர்ப் பெரியவர் குற்றம் சாட்டுகிறார்'. எங்கே காது கூசுகிறதோ அங்கே நின்று, கூசுவதற்குக் காரணம் அவர்கள் சொன்ன செய்தியா, சொன்ன ஆளா என்று பார்க்க வேண்டும்.

தேநீர் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். குடித்துவிட்டு வரும்போது ஆளுக்கு ஒரு பக்கம் உங்கள் இயலில் இருந்து எடுத்து வாருங்கள். பேனாவும் கொண்டுவாருங்கள், பெயர்களை மாற்றிப் போட்டு வாசித்துப் பார்ப்போம்.